பொன்னிழையின் வரலாறு

மணவீடுகளிலே கூறைச்சேலையைக் கையிலெடுக்கும் முதிய பெண்கள் முதலில் நோக்குவது பட்டுநூலை அன்று, சரிகையையே ஆகும். "சரிகை நல்லதோ?" என்பதே அவர்கள் கேட்கும் முதல் வினா. இவ்வினா மிகப் பழையது. இலண்டனிலும் பாரிசிலும் வாழ்ந்த மக்களும் தத்தம் காலத்தில் இதனைக் கேட்டனர். பாராளுமன்றம் ஒன்றுகூட இதன் பொருட்டு விசாரணை நடத்தியதுண்டு. சரிகை என்னும் சொல், பொன்னைக் குறிக்கும் 'சர்' என்ற பாரசீகச் சொல்லின் வழிவந்தது. சொல்லிலே பொன் உண்டு. இழையிலே உண்டோ என்பதுதான் கேள்வி.

உலோகம் நூலாவது எவ்வாறு? அதற்குக் காரணம் பொன்னின் இயல்பேயாம். ஒரு கிராம் பொன்னை இரண்டு கிலோமீற்றர் நீளமான கம்பியாக இழுக்கலாம். ஏறக்குறைய ஒரு சதுர மீற்றர் பரப்புள்ள மெல்லிய தகடாகவும் அடிக்கலாம். அது களிம்பேறுவதுமில்லை. ஆதலின், பண்டைக்காலத்தவர் பொன்னைத் தகடாக அடித்து, அதனை ஒடுங்கிய கீற்றுகளாக நறுக்கி ஆடையில் வைத்து நெய்தனர். ஆரோனின் ஆசாரிய உடைக்குப் பொன்னிழை இவ்வாறே செய்யப்பட்டதென விவிலியத்தின் யாத்திராகமம் கூறுகின்றது. உரோமப் பேரரசன் குளோடியசின் மனைவியாகிய அகிரிப்பினா தனிப் பொன்னால் நெய்த மேலாடை அணிந்திருந்ததைத் தாம் கண்டதாகப் பிளினி என்னும் அறிஞர் எழுதியுள்ளார். 1977ஆம் ஆண்டில், கிரேக்க நாட்டு வெர்கினாவிலுள்ள மக்கெடோனிய அரச கல்லறையொன்றில், பொன்னும் செவ்வூதாவும் கலந்து நெய்த துணியொன்று எலும்புகளைப் போர்த்திய நிலையிலே கண்டெடுக்கப்பட்டது.

எனினும் தனிப் பொன்னாடை பாரமானது. அதன் விலையோ அரசர்க்கே எட்டுவது. ஆகவே, குறைந்த பொன்னைக் கொண்டு நிறைந்த ஒளியைப் பெறும் வழிகளைக் கைவினைஞர் தேடலாயினர். பட்டு நூலையோ சணல் நூலையோ உள்ளே வைத்து, அதன்மேற் பொற்கீற்றைச் சுற்றுவது ஒரு வழி. விலங்கின் குடற்சவ்வில் பொன்முலாம் பூசி, அதனைக் கீற்றாக்கிச் சுற்றுவது இடைக்கால ஐரோப்பாவில் வழங்கிய வழி. சீனரும் யப்பானியரும் கடதாசியிலே பொற்றகடு ஒட்டி, அதனை நறுக்கி நெய்தனர்.

இவற்றினும் நுட்பமானது கம்பியிழுக்கும் முறையாகும். வெள்ளிக் கோலொன்றைப் பொற்றகட்டாற் போர்த்து, வரவரச் சிறுத்துச் செல்லும் துளைகளினூடே இழுப்பர். கோல் மயிர்போல் மெலிந்த பின்னரும் மேலுள்ள பொன் அறுபடாது உடன் நீளும். அக்கம்பியைத் தட்டையாக்கிப் பட்டு நூலின்மேற் சுற்றினால் சரிகை தயார். இந்தியாவில் இத்தொழிலுக்குப் பேர்பெற்றது சூரத்து நகரம். காசியின் கின்காப்புத் துணிக்கும் காஞ்சிபுரத்துச் சேலைக்கும் அழகூட்டியது இவ்வகைச் சரிகையே. பிற்காலத்திலே, வெள்ளிக் கம்பியைச் சுற்றி முடித்தபின் மின்சாரத்தின் உதவியால் பொன்முலாம் பூசும் முறை வந்தது. எவ்வாறாயினும், நல்ல சரிகையென நாம் போற்றுவதிலுங்கூடப் பெரும்பகுதி வெள்ளியே; பொன் மேற்பூச்சு மாத்திரமே.

இத்தகைய ஆடை யாவர்க்கும் உரியதன்று என அரசர் கருதினர். இங்கிலாந்தில் எட்டாம் என்றி மன்னன் காலத்து 1510ஆம் ஆண்டுச் சட்டம், ஊதா நிறப் பொன்னாடையை அரச குடும்பத்தினர் மட்டுமே அணியலாமென விதித்தது. 1520ஆம் ஆண்டு யூன் மாதம் அம்மன்னன் கலேக்கு அருகே பிரான்சிய அரசன் முதலாம் பிரான்சிசைச் சந்தித்தபோது, இருதிறத்தாரும் பொன்னாடையாலேயே கூடாரங்களை அமைத்தனர். அவ்விடத்துக்குப் 'பொன்னாடைக் களம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இங்கிலாந்தின் ஆடைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் 1604இல் நீக்கப்பட்டன.

விலையுயர்ந்த பொருளில் ஏமாற்றும் புகுவது இயல்பே. இங்கிலாந்தில் பொன் வெள்ளி இழை செய்யும் தனியுரிமை சிலருக்கு வழங்கப்பட்டிருந்தது. அதனை நடைமுறைப்படுத்தியவர்களுள் ஒருவர் சர் கைல்சு மொம்பெசன். மலிந்த உலோகத்தைக் கலந்தமை, ஏனைய தொழிலாளரை ஒடுக்கியமை எனப் பல முறைப்பாடுகள் எழவே, 1621இல் பாராளுமன்றம் விசாரணை நடத்தியது. அவர் பிரான்சுக்குத் தப்பியோடினார். அவரது பட்டமும் பறிக்கப்பட்டது. பின்னர் 1693இல் இலண்டன் பொன் வெள்ளிக் கம்பி இழுப்போர் சங்கம் அரச பட்டயம் பெற்றது.

பொன்னிழை ஆடை அந்நாளில் அலங்காரம் மட்டுமன்று, சேமிப்புமாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சிய உயர்குடிப் பெண்கள் பழைய உடைகளின் பொன்னிழையைப் பிரித்தெடுத்து விற்பதையே பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். பிரான்சியப் புரட்சியின் பின், 1797இல், அரசாங்கமே பணமுடையால் அரண்மனைத் திரைச்சீலைகளை எரித்து உலோகத்தைப் பிரித்தெடுத்தது. இத்தாலிய ஓவியர் இரபேலின் சித்திரங்களைப் பார்த்து, முதலாம் பிரான்சிசுக்கென நெய்யப்பட்ட ஒரு தொகுதியும் அத்தீக்கு இரையாயிற்று. உலோகத்தின் விலை கிடைத்தது. கலைப்படைப்போ திரும்பக் கிடைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 'லாமே' எனப்படும் உலோகத் துணி 1920களில் மேனாட்டு மாலை விருந்துகளிலும், பின்னர்த் திரைப்படங்களிலும் மின்னியது. 1946இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலிருந்த டொபெக்மன் கம்பனி 'லூரெக்ஸ்' என்ற இழையை வெளியிட்டது. மெல்லிய அலுமினியத் தகட்டை இரு பிளாத்திக்குப் படலங்களுக்கிடையே ஒட்டி, நூலளவு ஒடுக்கமாக வெட்டிச் செய்யப்பட்டது அது. பொன்னிறம் வேண்டுமாயின் மஞ்சட் சாயம் சேர்ப்பர். படலம் காப்பதனால் அது கறுப்பதில்லை, பாரமும் இல்லை, விலையும் சொற்பம். ஆனால் அதில் பொன்னென்பது அணுவளவும் இல்லை.

இதனை இழிவெனக் கொள்ளவேண்டியதில்லை. முன்னர்ச் சட்டம் தடுத்த ஒளியை, பின்னர் விலை தடுத்த ஒளியை, இன்று கூலித்தொழிலாளியின் மகளும் தன் மணநாளில் அணிய முடிகின்றது. குற்றம் இழையில் இல்லை. பிளாத்திக்கு இழைக்கும் செப்புக் கம்பிக்கும் வெள்ளிச் சரிகையின் பெயரிட்டு, வெள்ளிச் சரிகையின் விலையை வாங்குவதிலேயே உள்ளது. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு அவ்வாறு போய்விடக்கூடும்.

வாங்குவோர் ஓரத்தில் தொங்கும் இழையொன்றைக் கேட்டுப் பெற்று, சுடரிற் காட்டிப் பார்க்கலாம். பிளாத்திக்கு இழை சுருண்டு உருகி மணிபோல் திரளும். உலோகச் சரிகையில் நூல் எரிந்தபின் கம்பி எஞ்சும். அக்கம்பி வெள்ளியோ செம்போ என்பதைப் பொற்கொல்லர் உரைத்துச் சொல்லுவார். சரிகையின் வகையைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி கேட்பதும் நன்று. நேர்மையான வணிகர் அதற்குத் தயங்கார். வெள்ளிச் சரிகைச் சேலை கிழிந்த பின்னரும் நிறைபோட்டு வாங்க ஆளுண்டு. பிளாத்திக்கு இழைக்கு அவ்விலை இல்லை. இரண்டையும் வாங்கலாம், இரண்டையும் மகிழ்ந்து உடுக்கலாம். எதனை வாங்குகின்றோம் என்பதை அறிந்து வாங்குதல் வேண்டும்.