ஒரு ‘டக்’ சத்தமும் அம்மாவின் நோட்டுப் புத்தகமும்

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலையில் கிள்ளானில் உள்ள மையத்தில் விட்டுவிட்டு ஷா ஆலமில் வேலைக்குப் போவேன். மதியம் போய் அழைத்து வருவேன். அப்பா 2001இல் வாங்கிய கார்தான் இன்னமும் எங்களுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏறி இறங்க அம்மாவுக்கு அதுதான் வசதி.

ஒரு மதியம் அம்மாவை உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். எஞ்சின் அசையவில்லை. நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்து களைத்துப்போன அம்மா, கொதிக்கும் வெயிலில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அரை மணி நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கார் ஸ்டார்ட் ஆனது.

பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே முதல் தடவையிலேயே எடுக்கும். “பேட்டரி பழசாயிருச்சு” என்றார் ஃபோர்மென். மாற்றினோம், 260 வெள்ளி. இரண்டு வாரம் கழித்து மீண்டும் ‘டக்’. இம்முறை ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினோம், 180 வெள்ளி. பத்தே நாளில் பழைய கதை. “புதுசு ஒண்ணு எடுத்துருவோமுங்க. அத்தைய வெச்சுக்கிட்டு ரோட்டுல நிக்க முடியுமா?” என்றார் மனைவி. அவர் சொன்னதில் தப்பில்லை. ஒன்பது வருடக் கடன்தான் எனக்குத் தயக்கம்.

வழி காட்டியவர் அம்மா. ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்னும் பின்னும் தன் எடை, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது அவர் வழக்கம். அதன் ஓரத்தில் ஏழு இடங்களில் ‘வண்டி எடுக்கல’ என்று குறித்திருந்தார். “காலையில ஒரு நாளும் மக்கர் பண்ணலப்பா. மழை பேஞ்ச அன்னைக்கும் இல்ல. நீ வேலையிலருந்து நேரா வந்து, கொஞ்ச நேரம் நிறுத்தி எடுக்கிறப்பதான்” என்றார்.

ஏழும் அப்படித்தான் இருந்தன. சூடான எஞ்சின், சிறிது நேர நிறுத்தம். நான் பட்டறைக்குப் போனதெல்லாம் கார் குளிர்ந்த பிறகு. கோளாறு இல்லாத நேரத்தில் கோளாறைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு, எங்கள் தாமானில் கார் வயரிங் வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவரைப் பார்த்தேன். முதலில் சத்தத்தைப் பற்றிக் கேட்டார். “எஞ்சின் சுத்தியும் பிடிக்கலன்னா பெட்ரோல், ஸ்பார்க்கைப் பார்க்கணும். டக்டக்டக்குன்னு வேகமா அடிச்சா பெரும்பாலும் பேட்டரியில கரண்ட் இல்ல. சத்தமே இல்லன்னா சாவி சுவிட்ச், ரிலே. ஒரே ஒரு டக், ஹெட்லைட்டும் மங்கலன்னா, மோட்டாருக்குப் போற வழியில எங்கேயோ அடைப்பு தம்பி.”

போகும் வழியை எல்லாரும் பார்ப்பார்கள். திரும்பி வரும் வழியை மறந்துவிடுவார்கள் என்றார். மோட்டாருக்குள் போன மின்சாரம் எஞ்சின் உடல் வழியாக பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்ப வேண்டும். எங்கள் காரில் எஞ்சினையும் காரின் உடலையும் ஒரு எர்த் கேபிள் இணைக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஏறக்குறைய 150 ஆம்பியர் இழுக்கும். அந்த வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். இவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவில் பிடிக்க முடியாது. பளு ஏறும் நேரத்தில் வோல்ட்டைத்தான் அளக்க வேண்டும்.

நீளமான வயரும் கிளிப்பும் வைத்த ஒரு மீட்டரைக் கொடுத்தார். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவில், மற்றொன்று எஞ்சினின் வெறும் இரும்பில். நல்ல காரில் சாவியைத் திருப்பும்போது 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாதாம். காலையில் எங்கள் கார் 0.7 காட்டியது. ஆனாலும் ஸ்டார்ட் ஆனது.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் ‘டக்’ வந்தது. முதல் முறையாக எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. பானட்டைத் திறந்து கிளிப்புகளை மாட்டி, வயரைக் கண்ணாடி வழியாக உள்ளே இழுத்து, மீட்டரை அம்மா மடியில் வைத்தேன். சாவியைத் திருப்பினேன்.

“நாலு புள்ளி ஒண்ணுப்பா” என்றார் அம்மா.

உடனே ஜம்ப்பர் கேபிள் ஒன்றை எடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சின் இரும்பில் மாட்டினேன். திரும்பவும் சாவி. கார் உடனே எடுத்தது. அம்மா கைதட்டவில்லை, “சீக்கிரம் போப்பா, பசிக்குது” என்றார்.

மறுநாள் அந்த எர்த் கேபிளைக் கழற்றினோம். மேலே பார்க்க நன்றாக இருந்தது. கியர் பெட்டி பக்கத்து முனையில் உறையை வெட்டியதும் செம்பெல்லாம் பச்சை பூத்து, பாதி இழைகள் அறுந்து கிடந்தன. சூட்டில் அந்த இணைப்பு தளர்ந்து, ஆறினால் மீண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிய கேபிள் 25 வெள்ளி. இரும்பைத் தேய்த்து, துடைத்து இறுக்கினோம். இப்போது மீட்டர் 0.1தான் காட்டுகிறது.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோளாறு வந்துபோனால் உடனே எதையும் மாற்றாதீர்கள். நாள், நேரம், எஞ்சின் சூடா குளிரா, என்ன சத்தம் என்று நான்கைந்து முறை எழுதுங்கள். அந்தத் தாளோடு பட்டறைக்குப் போங்கள். சோதிக்கும்போது கியர் நியூட்ரலில், கைபிரேக் இழுத்திருக்கட்டும். கை ஃபேன், பெல்ட் பக்கம் போக வேண்டாம். ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் சாவியைத் திருப்பிப் பிடிக்காதீர்கள்.

நான் அப்படிச் செய்திருந்தால் 440 வெள்ளி மிஞ்சியிருக்கும். அதைவிட, ஏழு மதியங்கள் அம்மாவை வெயிலில் உட்கார வைத்திருக்க மாட்டேன். மூன்று மாதமாக அவர் நோட்டின் ஓரம் காலியாக இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு மதியமும் நான் சாவியைத் திருப்பும்போது, அம்மாவின் கை பேனாவைத் தேடுகிறது.