கூத்து மேடைக்குப் பின்னால் ஒரு மேசை

"கலைக்காக ஓர் அமைப்பு என்கிறார்கள். சரி, கலைஞர்கள் ஆடுகிறார்கள், பாடுகிறார்கள். ஆபீசில் உட்கார்ந்திருக்கிற அந்த நாலு பேருக்கு என்னதான் வேலை?" டீக்கடை பெஞ்சில் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். நன்கொடைப் புத்தகத்தோடு யாராவது வீட்டு வாசலில் வந்து நின்றால் நம்மில் பலருக்கும் இது மனத்துக்குள் எழும். பதில் கொஞ்சம் நீளம். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

காஞ்சிபுரம் பக்கம் போவோம். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில் வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று கதை இரவு இரவாக நகர்ந்து, கடைசியில் மண்ணில் படுத்திருக்கும் துரியோதனனின் படுகளத்திலும் தீமிதியிலும் போய் முடியும். பங்குனி பிறந்தால் கூத்துக் கலைஞருக்கு வேலைக் காலம். அதன் பிறகு பல மாதங்களுக்கு அவர்கள் இரவில் தூங்குவதே இல்லை.

இந்தக் கலைஞர்கள் 1990ஆம் ஆண்டு தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். கட்டைக்கூத்துச் சங்கம் என்று பெயர். முன்னின்றவர் பி. ராஜகோபால். பெருங்கட்டூர் பொன்னுசாமி நாடக மன்றத்தை நடத்தியவரின் மகன். பத்து வயதில் வேடம் கட்டினார். அதோடு பள்ளிப் படிப்பு நின்றது. கூடவே நின்றவர் ஹன்னே டி புரூன், கூத்தை ஆராய நெதர்லாந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட அறிஞர். கூத்துக்கு வருகிற பிள்ளை படிப்பை இழக்கக் கூடாது என்ற எண்ணத்தில் சங்கம் 2002இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் ஒரு குருகுலம் தொடங்கியது. பாடப் புத்தகமும் அடவும் ஒரே வளாகத்தில். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் அங்கே பயிற்சி பெற்றார்கள். இதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். ஒரு கலைக்குள் யார் வரலாம் என்ற எல்லையை அரசாணை எதுவும் இல்லாமல் கலைஞர்களே மாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் முடிவெடுப்பது ஒரு நாள் வேலை. அதை நிற்க வைப்பது தினசரி வேலை. பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம் என்றால் சமையல்காரருக்குச் சம்பளம், உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு டாக்டர், பணம் கொடுத்தவர்களுக்கு அறிக்கை, ஆண்டுக்கொரு தணிக்கை. அலுவலக மேசை இங்கேதான் உள்ளே வருகிறது. இனிமேல் நான் சொல்லப்போவது அந்த ஒரு சங்கத்தைப் பற்றி மட்டுமில்லை. கிராமத்துக் கலைஞர்களுக்காக வாதாடுகிற எந்தச் சிறு அமைப்பிலும் இந்த வேலைகள் இருக்கும்.

முதலில் அனுமதி. கூத்து இரவு பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். களரி கட்டி, கட்டியங்காரன் வந்து, திரைக்குப் பின்னால் நின்று பாடி ஒவ்வொரு வேடமாக வெளிப்பட்டு, கதை முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளோ இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. திருவிழாக்களுக்காக மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம்; அந்தச் சலுகையும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கூத்து நடக்கிற நேரம் ஏறக்குறைய முழுவதும் தடை நேரத்துக்குள் வருகிறது. நடைமுறையில் எல்லாம் உள்ளூர்க் காவல் நிலையத்தின் புரிதலைப் பொறுத்தது. பாரதக் கூத்து என்றால் என்ன என்று அறிந்த இன்ஸ்பெக்டர் இருந்தால் ஒரு மாதிரி, வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து "ராத்திரி முழுக்க என்ன டான்ஸ் புரோகிராம்?" என்று கேட்பவர் இருந்தால் வேறு மாதிரி.

அப்போது பேசப் போவது யார்? கூத்து வாத்தியார் முந்தின இரவு வேறு ஊரில் ஆடிவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருப்பார். கோயில் தர்மகர்த்தாவுக்குத் திருவிழா வேலையே தலைக்கு மேல் இருக்கும். அமைப்பின் ஊழியர்தான் போவார். கையில் ஊர்க் கடிதம், எந்த இரவில் என்ன கூத்து என்று அச்சடித்த திருவிழா நோட்டீஸ், போன வருடங்களில் கிடைத்த அனுமதிகளின் நகல். அவர் சண்டை போடப் போகவில்லை, புரிய வைக்கப் போகிறார். இது கோயில் சடங்கின் பகுதி, பாதியில் நிறுத்த முடியாது, துரியோதனன் விழாமல் ஊர் திருவிழாவை முடிக்காது என்று சொல்ல வேண்டும். கூம்பு ஒலிபெருக்கியை மரத்தில் கட்டாமல் பார்வையாளர் பக்கம் மட்டும் பெட்டி ஸ்பீக்கர் வைக்கிறோம் என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் கைக்குழந்தை உள்ள வீடும் அதே தெருவில்தான் இருக்கின்றன. அந்த விதி அவர்களுக்காக வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. இரண்டு நியாயங்களுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடிப்பதைத்தான் கலைக்காக வாதாடுவது என்கிறேன். மேடையில் இதற்குக் கைதட்டல் கிடையாது.

அடுத்தது கூலி. ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், பன்னிரண்டு, பதினைந்து பேர் இருப்பார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை வாசிப்பவர்கள், வேடக்காரர்கள், திரை பிடிக்கிறவர். விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு முதல் பஸ் பிடிப்பார்கள். கூலி அப்போதே ரொக்கமாகக் கைக்கு வர வேண்டும், வீட்டில் அதை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. அமைப்பே கூத்தை ஏற்பாடு செய்திருந்தால் அதற்கு வேறு சிக்கல். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். முழுப் பணத்தையும் வழக்கப்படி வாத்தியார் கையில் கொடுத்து அவரே பிரித்துக்கொள்ளட்டும் என்று விட முடியாது. பதினைந்து வவுச்சர், பதினைந்து கையெழுத்து, சிலருக்குக் கைநாட்டு. அதிகாலை ஐந்து மணிக்கு, இரவெல்லாம் விழித்த கண்ணோடு, இதை ஒருவர் முகம் சுளிக்காமல் செய்ய வேண்டும். பணம் யாருக்கு எவ்வளவு போகிறது என்பது காகிதத்தில் ஏறுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. திரை பிடிக்கிறவருக்கும் புதிதாக வந்த பையனுக்கும் எவ்வளவு என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

கலைஞருக்குச் சாதகமான விதிகளும் இருக்கின்றன, அவருக்குத்தான் தெரிவதில்லை. நாட்டுப்புற, செவ்வியல் இசை, நடனம், நாடகக் கலைஞர் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை 1.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அதற்கு ஜிஎஸ்டி இல்லை. விழாக் குழு ஜிஎஸ்டியைச் சொல்லிப் பணத்தைப் பிடித்தால் "இல்லை சார், விலக்கு இருக்கிறது" என்று அறிவிப்பை எடுத்துக் காட்ட ஓர் ஆள் வேண்டும்.

நல வாரியத்தின் கதை இதைவிட முக்கியம். தமிழ்நாடு அரசு 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தை அமைத்தது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, திருமண உதவி, விபத்தில் இறந்தால் குடும்பத்துக்குத் தொகை என்று பல திட்டங்கள். சேர வேண்டுமென்றால் 60 வயதுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். எளிமையாகத் தெரிகிறதல்லவா? இப்போது ஒரு முகவீணைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் அவரை அழைப்பது ஒரு பெயரால், ரேஷன் கார்டில் இருப்பது இன்னொன்று, ஆதாரில் இனிஷியல் மாறியிருக்கிறது, பிறந்த தேதிக்கு எந்தச் சான்றும் இல்லை. கலைஞர் என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். நாற்பது வருடம் ஊதியவரிடம் ஒரு போட்டோ கூட இல்லை. அமைப்பின் ஊழியர் அவரைக் கூட்டிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்துக்கும் நடக்கிறார். ஓர் அட்டை வாங்கித் தர மாதக்கணக்கில் ஆகும். புகைப்படம் எடுக்க முடியாத, விழா அழைப்பிதழில் போட முடியாத வேலை இது. என்னைக் கேட்டால் அமைப்பு செய்கிற வேலைகளிலேயே உயர்ந்தது இதுதான் என்பேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது பங்குனி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த வருடத்துப் பாரதங்கள் நின்றுபோயின. கலைஞர்களுக்கென்று அரசு முதலில் கொடுத்த நிவாரணம் நல வாரியத்தின் வழியாகத்தான் போனது. அட்டை வைத்திருந்தவர் பெயர் பட்டியலில் இருந்தது. ஆபீசில் உட்கார்ந்து யாரோ படிவம் நிரப்பியதன் அருமை அன்றைக்குப் புரிந்தது.

இத்தனையும் செய்கிறவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம் இது. நன்கொடை தருகிறவர் பெரும்பாலும் நிகழ்ச்சிக்குத் தர விரும்புவார். மேடை, பேனர், ஆட்டம், எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கம்பெனிகள் சட்டம் 2013இன்படி, சட்டம் வகுத்த வரம்பைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பட்டியலில் பாரம்பரியக் கலைகளை வளர்ப்பதும் இருக்கிறது. ஆனால் அதே பட்டியலில் பள்ளியும் மருத்துவமும் குடிநீரும் இருக்கும்போது கூத்து வரிசையில் பின்னால்தான் நிற்கும். வெளிநாட்டுப் பணம் என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. அலுவலக வாடகை, நிர்வாக ஊழியர் சம்பளம், தணிக்கை, அறிக்கை எழுதும் செலவு எல்லாம் அந்த இருபதுக்குள் அடங்க வேண்டும். வெளிநாட்டு நிதி பெறும் பெரிய அமைப்பு அதில் ஒரு பங்கை ஊரிலுள்ள சிறிய அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கும் வழக்கமும் அதே திருத்தத்தால் நின்றது. வெளிநாட்டுப் பணம் முதலில் புது தில்லியில் ஸ்டேட் வங்கியின் பிரதான கிளையிலுள்ள கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். வரிவிலக்குப் பதிவுகளையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். காகித வேலை கூடிக்கொண்டே போகிறது, அதைச் செய்கிற ஆளுக்குக் கொடுக்கும் பணம் மட்டும் சுருங்குகிறது.

விளைவு என்ன? ஒருவரே கணக்கும் பார்த்து, புரபோசலும் எழுதி, வேன் டிரைவருக்கு வழியும் சொல்கிறார். கூத்துக் குடும்பத்தில் பிறந்து பட்டம் படித்த பிள்ளைகள் இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள். கூத்தும் தெரியும், கம்ப்யூட்டரும் தெரியும். அவர்களில் பலர் கல்யாண வயது வந்ததும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினோரு மாத புராஜெக்ட் சம்பளத்தை நம்பி யார் குடும்பம் நடத்த முடியும்?

சில இடங்களில் அலுவலகம் பெருத்து கலைஞர் மெலிந்து போவதும் உண்டு. ஆகவே கேள்வி கேட்பது நல்லதே. எந்த அமைப்பிடமும் இரண்டைக் கேளுங்கள். நிர்வாகக் குழுவில் ஆடுகிற, பாடுகிற கலைஞர்கள் எத்தனை பேர்? கடைசியாகத் தணிக்கை செய்த கணக்கைக் காட்ட முடியுமா? நேர்மையான அமைப்பு இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்லும்.

வாதாடுவது காவல் நிலைய வாசலோடு முடிவதுமில்லை. 1876இல் வெள்ளைக்காரன் நாடகங்களை அடக்க ஒரு சட்டம் போட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு 1954இல் சென்னை மாநிலமே தனியாக ஒரு நாடகச் சட்டம் கொண்டுவந்தது, எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் குறிவைத்தது என்பது அன்றே எல்லோரும் அறிந்தது. நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி வாங்கும் வழக்கம் அதிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தது. பரீக்ஷா நாடகக் குழுவின் ஞாநி நீதிமன்றத்துக்குப் போனார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று ரத்து செய்தது. 1876 சட்டம் 2018இல் நீக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் நாடகம் போடுகிற ஒவ்வொரு குழுவுக்கும் அதன் பலன் சேர்கிறது. இப்படிப்பட்ட வழக்கை நடத்த மறுப்புக் கடிதத்தைப் பத்திரப்படுத்தி, தேதி வாரியாக அடுக்கி, வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள் வேண்டும். ஜமாக்களிடம் அப்படி ஓர் ஆள் இருப்பதில்லை, அமைப்புகளிடம் இருக்க முடியும்.

நண்பர் கேட்ட அந்த நாலு பேரின் வேலை இதுதான். அடுத்த முறை ஒரு கலை அமைப்புக்குப் பணம் கொடுக்கும்போது "நிகழ்ச்சிக்கு மட்டும்" என்று நிபந்தனை போடாதீர்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கு, ஆபீஸ் வாடகைக்கு, ஆடிட்டர் கட்டணத்துக்கு என்று சொல்லிக் கொடுங்கள். பணம் இல்லையென்றாலும் பரவாயில்லை. உங்கள் தெருவிலோ ஊரிலோ ஒரு கூத்துக்காரரோ பறை, தவில், நாதஸ்வரம் வாசிக்கிறவரோ இருந்தால் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், அவருக்கு அறுபது ஆவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.