சுரங்கத்துக்குள்ளே ஒரு கடல்!

அரியலூர்ப் பக்கம் போனவர்களுக்கு டாரஸ் லாரிகளைத் தெரியும், புழுதியைத் தெரியும், சிமெண்ட் ஆலைகளின் புகைபோக்கிகளைத் தெரியும். அந்த லாரிகள் கிளம்பி வரும் இடத்தை எத்தனை பேர் பார்த்திருப்போம்? முறையாக அனுமதி வாங்கி, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, கல் எடுத்து முடித்த பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில் இறங்கிப் பாருங்கள். பூங்கா என்று எந்தப் பலகையும் இருக்காது. ஆனால் அதைவிட அதிசயமான பூங்காவை நான் பார்த்ததில்லை!

முதலில் கண்ணில் படுவது தண்ணீர். வேலை நடந்த வரைக்கும் அடியில் ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தார்கள். கல் தீர்ந்தது, மோட்டார் நின்றது, மீதியை மழை பார்த்துக்கொண்டது. இன்று அது பச்சையும் நீலமுமாக மின்னும் ஏரி. நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்துகிறது. முக்குளிப்பான் ஓரிடத்தில் முங்கி வேறெங்கோ எழுகிறது. மேலே, செங்குத்தாக வெட்டிய மண்சுவரில் வரிசையாக ஓட்டைகள். பாம்புப் பொந்தோ என்று பதற வேண்டாம், எல்லாம் பஞ்சுருட்டான்கள் குடைந்த வீடுகள்!

இந்தப் பூங்காவுக்கான பின்னணி வேலை சுரங்கம் தோண்டும் முதல் நாளே தொடங்கிவிடுகிறது. மேல்மண்ணை வழித்துத் தனியாகக் குவித்து வைக்க வேண்டும். அதற்கடுத்த கழிவு மண் வேறு குவியல். பிறகுதான் துளையிட்டு, வெடி வைத்து, படிப்படியாகக் கல்லை எடுப்பார்கள். முடிந்ததும் அதே மேல்மண்ணைப் பரப்பி வேம்பும் புங்கனும் நடலாம். சீமைக்கருவேலம் மட்டும் அழைக்காமலே வந்துவிடும். சுரங்கத்தை எப்படி மூடுவது என்ற திட்டத்தை முன்கூட்டியே தர வேண்டும் என்பது 2003-இலிருந்து விதி. தோண்டிய நிலத்தில் மறுபடி புல் வளர்க்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இப்போது சுவருக்குப் பக்கத்தில் வாருங்கள். இன்னும் பக்கத்தில்! கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் பேர்போன கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புக்கல் இது. கல் என்றா நினைத்தீர்கள்? அத்தனையும் சிப்பி! ஒரு பக்கம் உள்ளங்கை போலக் குழிந்த தடித்த ஓடு, மறுபக்கம் தட்டையான மூடி. விரலால் தடவினால் அந்தச் சிப்பி வளர்ந்த வரிகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படுகின்றன. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலில் வாழ்ந்தவை. சிமெண்ட்டாக அரைக்கப்படும் கிளிங்கர் ஒரு டன் தயாரிக்க ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அரியலூர் சிமெண்ட்டில் கட்டிய வீடா உங்களுடையது? அப்படியென்றால் அந்தக் கடல் உங்கள் சுவருக்குள்ளேயும் இருக்கிறது!

19-ஆம் நூற்றாண்டில் இங்கே ஆய்வு செய்த புவியியலாளர் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். உலகப் புவியியலாளர்கள் இன்றும் அந்தப் பெயர்களைத்தான் சொல்கிறார்கள். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த 18 மீட்டர் கல்மரம் வேலிக்குள் பத்திரமாகப் படுத்திருக்கிறது. வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. சுரங்கச் சுவர்களுக்கும் அப்படியொரு பாதுகாப்பு தேவை.

ஜெர்மனியில் புதைபடிவங்கள் நிறைந்த மெசல் சுரங்கத்தில் 1971-இல் வேலை நின்றதும் அதைக் குப்பைக்கிடங்காக்கப் பார்த்தார்கள். மக்களும் அறிவியலாளர்களும் எதிர்த்து நின்றார்கள். 1995-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

மரம் நடுங்கள், நீரைத் தேக்குங்கள், கரைக்கு வேலி போடுங்கள். ஆனால் ஒவ்வொரு பழைய சுரங்கத்திலும் ஒரு சுவரையாவது மண் மூடாமல், செடி மறைக்காமல் அப்படியே விட்டுவையுங்கள். படிக்கட்டும் நிழலும் கைப்பிடியும் அமைத்துப் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே கூட்டிவாருங்கள். பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஒரு சிப்பியைக்கூடப் பெயர்த்து எடுக்காதீர்கள். அடுத்து வரும் பிள்ளையும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.