யாருக்கு இந்த அதிகாரம்?



அன்பியக் கூட்டம் முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது நம் பங்குகளில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. அரசே மூடிய ஆலையைத் திறக்கலாம் என்று ஒரு தீர்ப்பாயம் எப்படிச் சொல்லலாம்? தீர்ப்பாயம் சொன்னதை உச்ச நீதிமன்றம் எப்படி ரத்து செய்யலாம்? கடைசியில் யாருக்குத்தான் அதிகாரம்?

நம் மாவட்டத்து மக்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. இதற்கான விடைக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உயிரிழந்தவர்களின் குடும்பங்களும் இருக்கின்றன. ஆகவே, நமது அரசியலமைப்புச் சட்டம் அதிகாரத்தை எப்படிப் பங்கிட்டிருக்கிறது, ஏன் அவ்வாறு பங்கிட்டது என்பதை நம் ஊர் நிகழ்வுகளைக் கொண்டே சிந்திப்போம்.

மூன்று துறைகள்

அரசின் வேலை மூன்று வகைப்படும். சட்டம் இயற்றுவது ஒன்று; அது நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் உரியது. சட்டத்தைச் செயல்படுத்துவது மற்றொன்று. அமைச்சரவை தொடங்கி மாவட்ட ஆட்சியர், காவல்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரை அனைவரும் இதில் அடங்குவர். சட்டத்தின்படி வழக்கைத் தீர்ப்பது மூன்றாவது. இது நீதிமன்றங்களின் பணி.

ஒவ்வொரு துறைக்கும் மற்றவற்றின் மேல் ஒரு பிடி உண்டு. மாநில அமைச்சரவை சட்டமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது 164ஆம் உறுப்பு. அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் செல்லாது என்கிறது 13ஆம் உறுப்பு. அரசு தவறினால் குடிமகன் 226ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தையும், அடிப்படை உரிமை பறிக்கப்பட்டால் 32ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தையும் நாடலாம். நீதிமன்றத்துக்கோ சொந்தமாகப் படையும் இல்லை, கருவூலமும் இல்லை. அதன் தீர்ப்பை நிறைவேற்ற வேண்டியது நிர்வாகமே. நிர்வாகத்திலிருந்து நீதித்துறையைப் பிரிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 50ஆம் உறுப்பு தனியாகவே வலியுறுத்துகிறது.

பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் முத்துக்குளித்துறை மக்கள் என்றோ அனுபவித்துவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் இக்கடற்கரையில் போர்த்துக்கீசிய கேப்டனின் சொல்லே மேலோங்கி நின்றது. 1544ஆம் ஆண்டில் புனித சவேரியார் தம் உடன் உழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில், தூத்துக்குடியில் இருந்த கேப்டனின் நடத்தையைக் கடுமையாகக் கண்டிக்கிறார். ஆனால் அந்தக் கேப்டனைத் தட்டிக் கேட்க இங்கே வேறொரு அதிகாரம் இல்லை. முறையிட வேண்டுமானால் தொலைவில் கோவாவில் இருந்த ஆளுநருக்கோ, கடல் கடந்து லிஸ்பனில் இருந்த அரசருக்கோதான் எழுத வேண்டும்.

ஓர் ஆலையும் பல வாசல்களும்

இனி ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையின் வழக்குக்கு வருவோம். ஆலைக்கு எதிராக 1996இல் உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கில் 2010 செப்டம்பர் 28 அன்று தீர்ப்பு வந்தது. ஆலையை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. 2013 ஏப்ரல் 2 அன்று அந்த ஆணையை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலுக்கு விளைந்த கேட்டுக்காக ஆலை 100 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்றது.

2018 ஏப்ரலில் ஆலையின் இயக்க அனுமதியைப் புதுப்பிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மறுத்தது. போராட்டத்தின் 100ஆம் நாளான மே 22 அன்று ஆட்சியர் அலுவலகம் நோக்கி மக்கள் பேரணியாகச் சென்றார்கள். காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 13 பேர் உயிரிழந்தனர். மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூடுவதாகத் தமிழக அரசு அரசாணை வெளியிட்டது.

அத்துடன் எல்லாம் முடிந்தது என்றே பலர் எண்ணினோம். ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்த அரசாணையை ரத்து செய்தது. 2019 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் ஆணையையே ரத்து செய்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று உச்ச நீதிமன்றம் ஆலை மாசுபடுத்தியதா இல்லையா என்ற கேள்விக்குள் போகவில்லை. இந்த வழக்கை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டா என்று மட்டுமே பார்த்து, இல்லை என்றது. தீர்ப்பாயம் 2010ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறந்தது. அச்சட்டம் கொடுத்த அளவுக்குத்தான் அதற்கு அதிகாரம். அதற்கு மேல் ஓர் அங்குலமும் இல்லை. வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்று ஆலை நிர்வாகத்துக்குச் சொல்லப்பட்டது.

உயர் நீதிமன்றம் இரு தரப்பையும் நீண்ட நாட்கள் கேட்டு, 2020 ஆகஸ்ட் 18 அன்று 815 பக்கத் தீர்ப்பில் ஆலையின் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பில் தலையிட மறுத்தது.

"இவ்வளவு சுற்ற வேண்டுமா?" என்று கேட்கத் தோன்றும். அரசாணை ஒன்றே போதும் என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூட ஒரு கையெழுத்து போதுமென்றால், திறக்கவும் ஒரு கையெழுத்து போதும். ஆட்சி மாறினால் அரசாணையும் மாறலாம். இரு தரப்பும் தங்கள் சான்றுகளை வைத்து வாதாடிய பின் காரணம் சொல்லி எழுதப்பட்ட தீர்ப்பை அப்படி எளிதில் மாற்றிவிட முடியாது. ஆலையில் வேலை பார்த்துப் பிழைப்பை இழந்தவர்களும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவர்கள் தரப்புக்கும் காது கொடுக்கப்பட்ட பிறகே முடிவு வந்தது என்பதும் நீதியின் ஒரு பகுதிதான்.

ஆணையம் தண்டிக்காது

துப்பாக்கிச் சூடு பற்றி விசாரிக்க ஓய்வு பெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் இறுதி அறிக்கை 2022 மே மாதம் அரசிடம் அளிக்கப்பட்டு, அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. காவல்துறையினர் மீதும் வருவாய்த்துறை அதிகாரிகள் மீதும் நடவடிக்கை எடுக்க அது பரிந்துரைத்தது.

பரிந்துரை என்ற சொல்லைக் கவனியுங்கள். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்படும் விசாரணை ஆணையம் உண்மையைக் கண்டறிந்து சொல்லலாம், தண்டிக்க முடியாது. நீதிபதி தலைமை வகித்தாலும் அது நீதிமன்றம் ஆகாது. அதை நியமிப்பது அரசு. நடவடிக்கை எடுக்க வேண்டியதும் அரசு. எனவேதான் அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது சட்டம். அங்கே கேள்வி கேட்க வேண்டிய கடமை நம் சட்டமன்ற உறுப்பினர்களுடையது. அவர்களைக் கேட்க வேண்டிய கடமை நம்முடையது.

சாத்தான்குளம் சொல்லும் பாடம்

2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட தந்தையும் மகனும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து உயிரிழந்தது நாட்டையே உலுக்கியது. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22ஆம் உறுப்பு. காவலரின் கையில் இருக்கும் மனிதரை, காவல்துறையைச் சாராத ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். அவ்விருவரும் காவலில் வைக்க அனுப்பப்படும் முன் அந்தப் பார்வை முறையாக நடந்ததா என்ற கேள்வி அப்போது நாடெங்கும் எழுந்தது. சட்டத்தில் காவல் இருந்தாலும் அதைச் செய்ய வேண்டியவர் செய்யாவிட்டால் அது காகிதமே.

ஆனால் அதே நீதித்துறை பின்னர் விழித்தெழுந்ததையும் நாம் கண்டோம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவருக்குக் காவல் நிலையத்தில் ஒத்துழைப்பு மறுக்கப்பட்டபோது, அந்நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் செய்தது. அங்கே பணியில் இருந்த ஒரு பெண் காவலர் அஞ்சாமல் சாட்சியம் அளித்தார். காவல்துறை தன்னைத் தானே விசாரித்திருந்தால் அந்தச் சாட்சியம் ஏட்டில் ஏறியிருக்குமா?

தவறு செய்தவரே தமக்கு நீதிபதியாக இருக்கலாகாது. அதிகாரப் பங்கீடு முழுவதும் இந்த ஒரே உண்மையின் மேல்தான் நிற்கிறது.

திரு அவையின் போதனை

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1991இல் வெளியிட்ட 'செந்தேசிமுஸ் ஆன்னுஸ்' சுற்றுமடலின் 44ஆம் பத்தி இதையே எடுத்துரைக்கிறது. ஓர் அதிகாரம் தன் எல்லைக்குள் நிற்க வேண்டுமானால், அதைச் சமன் செய்யும் பிற அதிகாரங்கள் தேவை என்பதும், ஆள வேண்டியது சட்டமே, தனி மனிதரின் விருப்பம் அல்ல என்பதும் அதன் சாரம். திருவிவிலியத்திலும் தாவீது அரசர் உரியாவுக்குத் தீங்கிழைத்தபோது, அவருடைய குற்றத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்ல நாத்தான் இறைவாக்கினர் வந்தார். அரசரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே.

நாம் செய்யக் கூடியவை

எந்தக் குறைக்கு எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்று அறிந்திருப்பது முதல் தேவை. குடிநீர், பட்டா, உதவித்தொகை போன்றவற்றுக்குத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். கொடுத்த மனுவுக்கு ஒப்புகை பெற்றுக்கொள்வோம். அரசின் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரிய 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பெண்கள், தொழிலாளர்கள், பட்டியல் இனத்தவர், காவலில் இருப்பவர் ஆகியோருக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச சட்ட உதவி அளிக்கிறது. சட்டமே மாற வேண்டுமானால் சட்டமன்ற உறுப்பினரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் நாட வேண்டும்.

நம் பங்கில் யாரேனும் கைது செய்யப்பட்டதாகச் செய்தி வந்தால், அன்றே ஒரு வழக்கறிஞருடன் சென்று, நடுவர் முன் அவர் எப்போது நிறுத்தப்படுவார் என்று கேட்போம். நிறுத்தப்படும் வேளையில் நாமும் நீதிமன்றத்தில் நிற்போம். இந்த 24 மணி நேர விதியை வரும் அன்பியக் கூட்டத்தில் ஒருமுறை படித்து, இளைஞர்களுக்கும் சொல்லிக் கொடுப்போம்.