குற்றாலத்தில் விசில் கேட்காதவருக்கு

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். அருவியில் நீர்வரத்து கூடும்போது குளிப்பவர்களை வெளியேற்ற விசில் ஊதுவார்கள், மைக்கில் அறிவிப்பார்கள். காது கேளாதவருக்கு இவை இரண்டும் உதவாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் செவித்திறன் குறைந்தோர் ஏறத்தாழ 50 லட்சம் பேர். 'வெள்ளம் வருது', 'வெளியே வாங்க', 'கூட யார் வந்தது?' என்ற அளவுக்காவது சீசன் பணிக் காவலருக்குச் சைகை தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு வகுப்புக்குப் போக நேரமிருக்காது, கைப்பேசிதான் வழி. அந்தத் திரையில் அனிமேஷன் உருவம் நல்ல பயிற்சித் துணை.

டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இலேயே 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி வெளியிட்டுவிட்டதே, பொம்மை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வீடியோவில் சைகை செய்பவர் எதிரே நிற்கிறார்; அவரது வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரிகிறது. இந்திய சைகைகள் பலவற்றுக்கு இரண்டு கைகளும் வேண்டும். முன்னிருக்கும் கை பின்னதை மறைத்தால், கட்டைவிரல் மடங்கியதா நீண்டதா என்பது பிடிபடாது. அனிமேஷன் உருவத்தைத் திருப்பிப் போட்டு அதன் தோளுக்குப் பின்னாலிருந்தே பார்க்கலாம். இடம் வலம் குழம்பாது. அமெரிக்க சைகை மொழிக்காக என்விடியா 2025 பிப்ரவரியில் தொடங்கிய 'சைன்ஸ்' தளத்தில் இத்தகைய உருவம் செய்துகாட்ட, கற்பவரின் கை அசைவைக் கேமராவில் பார்த்துத் திருத்தமும் சொல்கிறார்கள்.

காது கேளாதோர் சொல்லும் குறை இதைவிடக் கனமானது: முகம். 'காய்ச்சல்' என்று கை காட்டும்போது புருவம் உயர்ந்தால் அது 'காய்ச்சலா?' ஆகிவிடும். இதை அனிமேஷன் முகங்கள் பெரும்பாலும் கோட்டைவிடுகின்றன. மனித மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றாக இவற்றை நிறுத்தக் கூடாது என்று உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பு 2018இல் எச்சரித்ததும் சரியே. தென்காசி அரசு மருத்துவமனையில் நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே பொம்மைக்கு வேலையில்லை. ஒரு சொல்லைப் பத்து முறை சலிக்காமல் செய்துகாட்டுவது வேறு வேலை. அதையும் யாரைப் பார்த்துச் செய்கிறது என்பது முக்கியம். சைகைச் சொற்கள் ஊருக்கு ஊர் மாறுபவை. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் 263 சொற்களுக்கு 4,287 வீடியோக்கள் கொண்ட தரவுத் தொகுப்பை வெளியிட்டார்கள். அந்த அளவு வேலையை இங்கேயும் செய்யலாம். பக்கத்திலேயே பாளையங்கோட்டையில் ஒரு நூற்றாண்டைத் தாண்டிய ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோர் பள்ளி இருக்கிறது. தென்காசி மாவட்ட நிர்வாகம் அருவிக்கரைக்கு வேண்டிய முதல் நூறு சொற்களை இப்பகுதிக் காது கேளாதோரைக் கொண்டே, உரிய ஊதியம் கொடுத்து, அடுத்த ஜூன் சீசனுக்கு முன் பதிவு செய்ய வேண்டும்.