கண்மாய்க் கோரையில் மறையும் மயிலுள்ளான்

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசும் தீப்பெட்டியும் வேரூன்ற வறண்ட வானிலை பெரிதும் துணை செய்தது. அதே வறட்சியால் இங்கு ஈரநிலம் என்பது பெரும்பாலும் கண்மாயும் அதன் கீழுள்ள நெல் வயலுமே. பிளவக்கல் அணைப் பாசனம் பெறும் வத்திராயிருப்பு வயல்கள், ஐப்பசி மழைக்குப் பின் கோரை மண்டும் கண்மாய் ஓரங்கள் போன்றவையே மயிலுள்ளானைத் தேட ஏற்ற இடங்கள்.

சுமார் 25 செ.மீ. நீளமுள்ள இப்பறவை, சேற்றை நீண்ட அலகால் துழாவிப் பூச்சி, புழு, நத்தை, சிந்திய தானியம் ஆகியவற்றை உண்ணும். பகலில் கோரைக்குள் அசையாமல் பதுங்கியிருக்கும். புல்லறுப்பவர் காலடிக்கே வந்த பிறகுதான் எழும். கால்கள் தொங்க, மெதுவாகச் சிறிது தூரம் பறந்து மறுபடி கோரைக்குள் இறங்கிவிடும். குளிர்காலத்தில் வலசை வரும் சாதாரண உள்ளானோ கத்திக்கொண்டே வளைந்து வளைந்து விரைந்து பறக்கும். இரண்டையும் பிரித்தறிய இதுவே எளிய வழி.

மயிலுள்ளானில் அழகு பெட்டைக்கே உரியது. அதன் கழுத்து ஆழ்ந்த செம்பழுப்பு. கண்ணைச் சுற்றி வெள்ளைத் திட்டு; தோளின்மேல் வார் மாட்டியது போன்ற வெள்ளைப் பட்டை. அந்தியில் காலிப் புட்டியின் வாயில் ஊதுவது போல 'ஊக், ஊக்' என்று குரல் கேட்டால், பெட்டை துணையை அழைக்கிறது என்று அறியலாம். முட்டையிட்டதும் அது வேறு சேவலைத் தேடிச் சென்றுவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளைக் காப்பதும் நிறம் மங்கிய சேவலின் பொறுப்பு.

இதைக் காண விரும்புவோர் நடந்து தேடுவதில் பயனில்லை. விடியுமுன் கரையில் தாழ அமர்ந்து, நீரும் கோரையும் சேரும் விளிம்பையே கவனிக்க வேண்டும். வால்புறத்தை மேலும் கீழும் ஆட்டியபடி அது மெல்ல வெளிவரும்.

கூடு தரையிலேயே அமையும். சில சமயம் வரப்பிலும் இருக்கும். வழக்கமாக 4 முட்டைகள். வரப்பு செதுக்கும்போதும் கண்மாய் தூர்வாரும்போதும் இவை அழிவது இதனால்தான். 2017 முதல் குடிமராமத்துப் பணிகள் பல கண்மாய்களில் நடந்துள்ளன. சீமைக்கருவேலை அகற்றுவது அவசியமே. ஆனால் கோரையையும் ஒட்டச் சுரண்ட வேண்டியதில்லை. மதகுக்கும் வரத்துக்காலுக்கும் இடையூறில்லாத ஒரு மூலையில் விட்டுவைக்கலாம்.

வரப்பில் ஒரு பறவை ஓடாமல் சிறகை விரித்துச் சீறினால், அருகில் முட்டை இருக்கக்கூடும். சேவல் விலகி நின்றால் காக்கையும் கீரியும் முந்திக்கொள்ளும். முட்டையைத் தொடாமல் சுற்றிலும் இரண்டு முழம் புல்லை விட்டுவிட்டு மற்ற வரப்பைச் செதுக்கலாம். பறவையைப் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முட்டை பொரிக்க ஏறக்குறைய 19 நாட்களாகும். பொரித்த குஞ்சுகள் விரைவிலேயே நடந்து தகப்பனுடன் கோரைக்குள் போய்விடும். மிச்சப் புல்லை அதன் பிறகு அறுத்துக்கொள்ளலாம்.