நாட்பட்ட நோயாளரின் வாழ்க்கைத் தரமும் இணையவழி வினாக்கொத்தும்

நோய் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலமாக இறப்பு வீதத்தையும் சோதனைக்கூட முடிவுகளையுமே தம் அளவுகோல்களாகக் கொண்டிருந்தன. வாந்திபேதி போன்ற நோய்களுக்கு அஃது ஓரளவு போதுமானதாயிருந்தது எனலாம். ஆயின் நீரிழிவு, மூட்டுவாதம், சிறுநீரக நோய் முதலியன மனிதனோடு ஆண்டுக்கணக்கில் உடனுறைவன. இங்கு நோயாளி எத்தனை காலம் வாழ்ந்தார் என்பதோடு, எவ்வாறு வாழ்கின்றார் என்பதும் ஆராயப்பட வேண்டியதாகின்றது. 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார தாபனத்தின் யாப்பு, உடல், உள, சமூக நலன்கள் யாவும் நிறைந்த நிலையே சுகாதாரம் என வரையறுத்தமை இந்நோக்கிற்கு இயைந்ததாகும்.

இதனை அளவிடுதற்கென வினாக்கொத்துகள் பல ஆக்கப்பட்டன. 1992இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட எஸ்.எப்.-36, தன் 36 வினாக்களால் உடலியக்கம், நோவு, உளநலம் முதலிய எட்டுக் கூறுகளை மதிப்பிடுகின்றது. உலக சுகாதார தாபனத்தின் சுருக்க வினாக்கொத்தோ, 26 வினாக்களைக் கொண்டு உடல், உளம், சமூக உறவு, சூழல் ஆகியவற்றை நோக்குகின்றது.

இவற்றை இணையவழி அனுப்புவதால் விளையும் நன்மைகளை நாம் மறுத்தற்கில்லை. செலவு குறைகின்றது, அரிய நோயுடையோர் பல நாடுகளில் சிதறியிருப்பினும் அவர்களை அணுக முடிகின்றது. சோர்வுற்ற நோயாளி தம் இல்லத்திலிருந்தே, தமக்கு இயன்ற வேளையில் விடையளிக்கலாம். நேரிற் கூற நாணுவனவற்றையும் எழுதலாம்.

எனினும், விடைகளின் தொகை பெரிதாயிருத்தல் அவற்றின் நம்பகத்தன்மைக்குச் சான்றாகாது. 1936இல் அமெரிக்க சனாதிபதித் தேர்தலையொட்டி 'லிற்றறரி டைஜெஸ்ற்' என்னும் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வினா அட்டைகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் விடையளித்தும், லாண்டன் வெல்வார் என்ற அதன் முடிவு பொய்த்தது. றூஸ்வெல்ற் பெருவெற்றி பெற்றார். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோரின் பட்டியல்களிலிருந்தே பெயர்கள் பெரிதும் பெறப்பட்டன. அவர்களுள்ளும் விருப்பமுற்றோரே விடையளித்தனர்.

இக்குறைபாடு நோயாளர் ஆய்வில் எவ்வாறு தோன்றும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் காணலாம். வடமத்திய மாகாண விவசாயிகளிடையே, காரணம் திட்டவட்டமாக அறியப்படாத சிறுநீரக நோயொன்று 1990கள் முதல் காணப்பட்டு வருகின்றது. இந்நோயாளரின் வாழ்க்கைத் தரத்தைக் கைத்தொலைபேசி வழியாக மட்டும் ஆராய முற்படுவோமாயின், விடையளிப்போர் யாவர்? இளையோரும், கல்வியுடையோரும், நோய் முற்றாதோருமே முந்துவர் என எதிர்பார்க்கலாம். வாரத்திற் பலமுறை, மணிக்கணக்கில் இரத்தச் சுத்திகரிப்புக்கு உட்படும் முதிய விவசாயி விடுபட்டுவிடுவார். அன்றேல் அவருக்காக மகன் விடையெழுதுவான். அவ்வாறு பெறப்படும் சராசரி, துன்பத்தைக் குறைத்தே காட்டக்கூடும். அதனை நம்பிச் சிகிச்சை நிலையங்களும் உதவிப்பணமும் பங்கிடப்படின், பெரிதும் வேண்டுவோரே கைவிடப்படுவர்.

ஆகவே இம்முறையைத் தள்ளிவிடாது, நெறிப்படுத்தலே தக்கது. பங்குபற்றுவோர் எவ்வாறு அழைக்கப்பட்டனர், எத்தனை பேர் வினாக்கொத்தைக் கண்டனர், எத்தனை பேர் நிறைவு செய்தனர், ஒருவரே மீண்டும் விடையளித்தல் எவ்வாறு தடுக்கப்பட்டது என்பவற்றை அறிக்கையிடுமாறு 2004இல் ஐசன்பாக் வகுத்த நியமப்பட்டியல் கோருகின்றது. இவற்றோடு, சிகிச்சை நிலையப் பதிவேட்டிலிருந்து மாதிரியைத் தெரிவு செய்தலும், இணைய வசதியற்றோரை நேரிற் சென்று வினவுதலும் இன்றியமையாதன. விடையளித்தோரின் வயது, நோய்நிலை ஆகியவற்றை விடையளியாதோருடையவற்றோடு ஒப்பிட்ட பின்னரே, ஆய்வின் முடிவு யாருக்குப் பொருந்தும் என நாம் கூறவியலும்.